வேலூர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நிற்கும் மரத்தரை

வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்குள் முழு மரப்பலகையால் தரை போடுவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். அளவுகளை அங்குலத்திலும் நூலிலும் கொடுத்திருக்கிறோம். ஆசாரியிடம் பேச அதுதான் வசதி. 8 நூல் ஒரு அங்குலம்.

தேக்குப் பலகை வாங்கி வைத்திருக்கிறோம். கடைக்காரர் "நல்லா காஞ்ச மரம், நாளைக்கே போடலாம்" என்கிறார். அவர் சொல்வது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ராணிப்பேட்டை

அளந்து பார்த்தால்தான் தெரியும். தொட்டுப் பார்த்தோ தட்டிப் பார்த்தோ சொல்ல முடியாது. வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் பலகை கைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்து வீட்டுத் தரைக்கு மரத்தின் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஊசி வைத்த ஈர மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. பலகையின் முனையில் குத்தாதீர்கள். முனை சீக்கிரம் காய்ந்துவிடுவதால் குறைத்துக் காட்டும். முனையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உள்ளே தள்ளிக் குத்துங்கள். பலகைக் கட்டின் மேலே இருக்கும் நாலு பலகையோடு நிறுத்தாமல் அடியிலும் நடுவிலும் இருந்து உருவி, இருபது பலகையாவது பாருங்கள். ஒன்று 10, ஒன்று 17 என்று காட்டினால் இரண்டு லோடு கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

மீட்டர் இல்லாவிட்டாலும் வழி உண்டு. பலகையின் உட்பகுதியிலிருந்து 200 கிராமுக்கு மேல் வரும்படி ஒரு துண்டு அறுத்து உடனே எடை போடுங்கள். கேக் சுடும் அடுப்பில் 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டி வைத்து, எடை இனிமேல் குறையாது என்கிற வரை காய விடுங்கள். ஒரு நாள் ஆகும். முதலில் 224 கிராம், கடைசியில் 200 கிராம் என்றால் போன தண்ணீர் 24 கிராம். காய்ந்த எடையான 200ஆல் வகுத்தால் 12 சதவீதம். சின்னத் துண்டு எடுத்தால் சமையலறைத் தராசில் ஒரு கிராம் பிசகினாலும் கணக்கே மாறிவிடும். அதனால்தான் பெரிய துண்டு.

அளவு சரியாக இருந்தாலும் மறுநாளே போட வேண்டாம். எந்த அறையில் போடப்போகிறீர்களோ அதே அறையில், தரையில் படாமல், வரிசைக்கு வரிசை குச்சி கொடுத்துக் காற்று புகும்படி அடுக்குங்கள். இரண்டு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். நாள் கணக்கைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். ஒரு வாரத்தில் மூன்று தடவை அளந்து மூன்றும் ஒன்றாகவே இருந்தால் மரம் அறையோடு ஒத்துப்போய்விட்டது.

எந்த மாதத்தில் போட்டால் நல்லது? எங்கள் வீட்டில் வைகாசியில் கிரகப்பிரவேசம்.
– வாசகி, சத்துவாச்சாரி

தை பிற்பாதியிலிருந்து பங்குனி முன்பாதி வரை போடுவது நம் ஊருக்கு ஏற்றது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்ற பாதி சந்தேகமும் தீரும்.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், காற்றுக்கே திருப்பியும் கொடுக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாகவே நீடித்தால் மரம் 7–8 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். 80 சதவீதமாக நீடித்தால் 15 வரை ஏறும். கத்திரி வெயிலில் நம் ஊர் முதல் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் இரண்டாவதற்குப் பக்கத்தில். ஈரம் ஒரு சதவீதம் மாறினால் படுத்த ரேகை உள்ள தேக்கு, அகலத்தில் ஆயிரத்தில் 1.86 பங்கு மாறுகிறது. 4 அங்குலப் பலகைக்கு 5 சதவீத மாற்றம் வந்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். நின்ற ரேகைப் பலகையில் அதில் பாதிதான். (பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் நின்ற ரேகை, படுத்திருந்தால் படுத்த ரேகை.) நீளத்தில் எந்த மரமும் கணக்கில் கொள்ளும் அளவுக்கு நகராது.

தை, மாசியில் மரம் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கும். அப்போது போட்டால் கோடையில் கொஞ்சம் சுருங்கி, மழையில் கொஞ்சம் விரியும். இரண்டுமே தாங்கும் அளவில் இருக்கும். சித்திரை, வைகாசியில் பலகைகளை இறுக்கி அடித்துவிட்டால் ஐப்பசியில் விரிய இடமில்லாமல் தரை மேலே கிளம்பும்.

உங்களுக்கு வைகாசிக்குள் முடிய வேண்டும் என்றால் மாசியிலேயே போட்டுவிடுங்கள். ஆனால் அதற்கு முன்பே பூச்சு, பட்டி, குளியலறைக் குழாய் வேலை, மொட்டைமாடித் தளவரிசை எல்லாம் முடிந்து வீடு உலர்ந்திருக்க வேண்டும். புதுப் பூச்சுச் சுவர் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீரை வாரக்கணக்கில் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வீட்டில் உலர்ந்த பலகையை இறக்கினால் அது போடுவதற்கு முன்பே நனைந்துவிடும். கடைசி நேரத்தில் சித்திரையில்தான் போட முடிந்தது என்றால், நாலு வரிசைக்கு ஒருமுறை அரை நூல் கனமுள்ள வாஷர்களை இடையில் வைத்து அடித்துவிட்டு, பிறகு வாஷரை எடுத்துவிடுங்கள். அந்த மெல்லிய சந்து மழைக்காலத்தில் தானாக மூடிக்கொள்ளும்.

மாடியில் 12-க்கு 15 அடி படுக்கையறை. விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டிருக்கிறது. அதை உடைக்காமல் மேலேயே தேக்குப் பலகை போட முடியுமா? எவ்வளவு மரம் வேண்டும், எப்படிப் போட வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், காட்பாடி

முடியும். மாடித்தளம் என்பது உங்களுக்குச் சாதகம், மண்ணிலிருந்து ஈரம் ஏறாது. முதலில் ஒரு நாணயத்தால் எல்லா டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலிக்கும் டைல்ஸை எடுத்துவிட்டுக் கலவை போட்டு நிரப்புங்கள். பிறகு 10 அடி நீள அலுமினியச் சட்டத்தைப் படுக்க வைத்துப் பார்த்தால் எங்கேயும் ஒன்றரை நூலுக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. மட்டம் வாட்டமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மேடு பள்ளம்தான் கூடாது. பள்ளத்தின் மேல் போட்ட பலகை மிதிக்கும்போதெல்லாம் ஆணியை உரசிக் கிறீச்சென்று கத்தும், பிறகு அதற்கு மருந்தே இல்லை.

அடுத்து உயரம். ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன் மேல் பலகை போட்டால் 2¼ அங்குலம் ஏறும். 18 மி.மீ. பிளைவுட்டின் மேல் போட்டால் 1½ அங்குலம். டைல்ஸ் மேலேயே பசையில் ஒட்டினால் முக்கால் அங்குலம் மட்டும். ஆனால் டைல்ஸின் பளபளப்பை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும், மரத்தரைக்கென்று வரும் இழுபடும் பசைதான் போட வேண்டும். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் பலகையின் அடிப்பக்கத்தை அதுவே நனைத்துவிடும். படுக்கையறைக்கு நாங்கள் பிளைவுட் முறையையே சொல்வோம். ரீப்பர் மேல் போட்ட தரை காலடிக்குப் பறை மாதிரி ஒலிக்கும். அந்தப் பொந்தை ஆற்று மணலால் நிரப்பச் சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், மணல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கதவை 1½ அங்குலத்துக்கு மேல் அடியில் அறுக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அறைக்கான கணக்கு இது. பரப்பு 180 சதுர அடி. சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 198, அதாவது 200 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் 3 அங்குலம் தெரியும் பலகைக்கு, நாக்குக்கும் (பக்கத்துப் பலகையின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள் நுழையும் விளிம்பு) இழைப்புக்கும் சேர்த்து 3½ அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள அறுத்த பலகை தேவை. இந்தக் கணக்கில் 233 சதுர அடி, அதாவது 19½ கன அடி. 20 கன அடி வாங்குங்கள். வெள்ளைப் பகுதி (மரத்தின் வெளிவட்டத்து வெளிர் மரம்) உள்ள பலகையைக் கழித்த பிறகுதான் இந்த 20. பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான தர முத்திரை) உள்ள 8-க்கு 4 ஷீட் 6 கச்சிதமாக வரும். ஷீட்டுக்கு 32 ஸ்க்ரூ குறையாமல், மொத்தம் 200 ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும். 200 மைக்ரான் பாலித்தீன், சுவரோரம் மடிக்கவும் சேர்த்து 220 சதுர அடி. பலகை ஆணி 1½ அங்குலம், 1,250.

பாலித்தீனை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று 8 அங்குலம் ஏற விட்டு டேப் ஒட்டுங்கள். சுவரோரம் 3 அங்குலம் மேலே ஏறட்டும், ஸ்கர்டிங் (சுவரடியில் ஓடும் பட்டி) போடும்போது அறுத்துக்கொள்ளலாம். பிளைவுட்டை ஒரு வரிசையில் 8-ம் 4-ம், அடுத்த வரிசையில் 4-ம் 8-ம் என்று மாற்றி வையுங்கள். மூலைகள் நாலும் ஒரே இடத்தில் கூடக் கூடாது. ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் இடையில் ஒரு நூல், சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி. ஸ்க்ரூ துளை ஒவ்வொன்றும் பாலித்தீனைக் கிழிக்கும் என்பதால் துளையில் ஒரு சொட்டு சிலிகான் விட்டு முறுக்குங்கள். துளையின் ஆழம் தளத்தில் 1½ அங்குலத்தைத் தாண்ட வேண்டாம், கரண்டு பைப் தளத்துக்குள்தான் ஓடும். வயரிங் செய்தவரிடம் பைப் போன பாதையை முதலிலேயே கேட்டு டைல்ஸில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பலகை 15 அடி நீளவாக்கில் ஓடட்டும். சுவரை நம்பி முதல் வரிசையை வைக்காதீர்கள், எந்தச் சுவரும் நேர் இல்லை. மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி அளந்து குறுக்கே 10 அடி வருகிறதா என்று பார்த்துவிட்டு, நூல் பிடித்துக் கோடு அடியுங்கள். சுவருக்கும் முதல் பலகைக்கும் 6 நூல், அதாவது முக்கால் அங்குலம் இடைவெளி. நாலு பக்கமும் இதே. உங்கள் 12 அடி அகலத்தில் 5 சதவீத ஈரம் ஏறினால் படுத்த ரேகைத் தேக்கு கணக்குப்படி 34 மி.மீ. வரை விரியப் பார்க்கும். இரண்டு பக்க இடைவெளியும் சேர்ந்து 38 மி.மீ. ஆகிறது. "சந்து அசிங்கமா தெரியும்" என்று கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். ஸ்கர்டிங் அதை மறைத்துவிடும். ஸ்கர்டிங் ஆணி சுவரில்தான் இறங்க வேண்டும், தரையில் இறங்கக் கூடாது.

முதல் பலகையின் காடி சுவர்ப் பக்கம், நாக்கு அறைப் பக்கம். சுவரோரத்தில் ஸ்கர்டிங் மறைக்கும் இடத்தில் நேராக ஆணி. அதற்குப் பிறகு எல்லா ஆணியும் நாக்கின் மேல்மூலையில் 45 டிகிரி சாய்வாக, 8 அங்குலத்துக்கு ஒன்று, பலகை முனையிலிருந்து 2 அங்குலம் தள்ளி. தரை ஆணித் துப்பாக்கி கிடைக்காவிட்டால் ஆணியைவிடச் சற்று மெல்லிய பிட்டால் துளை போட்டுச் சுத்தியலால் அடித்து, கடைசி இரண்டு நூலைப் பஞ்ச் வைத்து உள்ளே தள்ளுங்கள். துளை இல்லாமல் அடித்தால் நாக்கு பிளக்கும், பிளந்த நாக்கு பலகையைப் பிடிக்காது. 1½ அங்குலத்தைவிட நீள ஆணி வேண்டாம், பிளைவுட்டைத் தாண்டிப் பாலித்தீனில் குத்திவிடும். பக்கத்துப் பக்கத்து வரிசையில் முனை இணைப்புகள் 9 அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். அடிப்பதற்கு முன்பே ஐந்தாறு வரிசையைப் பரப்பி, நிறமும் நீளமும் கலந்து பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே கட்டிலிருந்து எடுத்து அடித்துக்கொண்டே போனால் அறையின் ஒரு பாதி கறுத்தும் மறு பாதி வெளுத்தும் தெரியும்.

கடைசி இரண்டு மூன்று வரிசையில் சுத்தியல் வீச இடம் இருக்காது. சுவரில் மரத்துண்டு ஒன்றை வைத்து, சின்னக் கடப்பாரையால் நெம்பி இறுக்கி, மேலிருந்து ஆணி அடித்துத் தலையை மறைத்துவிடலாம். நிலைக்கால்களின் அடியைப் பலகைக் கனத்துக்கு அறுத்து அதன் அடியில் பலகையைச் செருகுங்கள். நிலையைச் சுற்றி வெட்டி ஒட்டிய தரை எப்போதும் ஒட்டுப் போட்டதாகவே தெரியும். வாசற்படியில் டைல்ஸும் மரமும் சேரும் இடத்துக்கு ஒரு சரிவான தேக்குப் பட்டி.

போன வருஷம் சித்திரையில் கீழ்த்தள ஹாலில் மரத்தரை போட்டோம். கார்த்திகையில் பலகை ஒவ்வொன்றும் ஓரம் தூக்கி நடு குழிந்துவிட்டது. வேலை செய்தவர் மெஷின் வைத்துத் தேய்த்துச் சமமாக்கிவிடலாம் என்கிறார். தேய்க்கலாமா? வீடு பாலாற்றங்கரைப் பக்கம்.
– வாசகர், வாலாஜாபேட்டை

இப்போது தேய்க்கவே கூடாது. பலகையின் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிந்திருக்கிறது, மேல்பக்கம் விரியவில்லை. அதனால்தான் ஓரம் தூக்குகிறது. தூக்கிய ஓரத்தை இன்று தேய்த்து எடுத்துவிட்டால், அடிப்பக்கம் காய்ந்து பலகை படியும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். அதைச் சரிசெய்யத் திரும்பவும் தேய்க்க வேண்டும். இரண்டு தடவையில் தரையின் ஆயுளில் பாதி போய்விடும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் என்றால் குளியலறைச் சுவரோ குழாய்க் கசிவோ இருக்கும். அறை முழுக்க ஒரே மாதிரி என்றால் மண்ணிலிருந்து. ஸ்கர்டிங்கைக் கழற்றினால் இரண்டு விஷயம் தெரியும்: சுவரோர இடைவெளி திறந்திருக்கிறதா, அடியில் பாலித்தீன் இருக்கிறதா. இடைவெளியில் கலவை இருந்தால் அன்றைக்கே உளி வைத்துக் கொத்தி எடுங்கள். அதுவே பாதி அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஏதாவது ஓர் இடத்தில் பலகை தரையைவிட்டே எழும்பியிருந்தால், சுவருக்கு அடுத்த ஒரு வரிசையை அறுத்து எடுத்துவிடுங்கள். பிறகு புதுப் பலகை போட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு மின்விசிறியை ஓட விட்டு, ஸ்கர்டிங் போடாமல் பங்குனி வரை காத்திருங்கள். பலகையின் மேலே ஊசியை லேசாகக் குத்தி ஒரு அளவு, சுவரோரம் தெரியும் அடிப்பக்கத்தில் ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் ஒரு சதவீதத்துக்குள்தான் வித்தியாசம் என்ற நிலை வந்தால் ஈரம் சமமாகிவிட்டது. பல தரைகள் அதற்குள் தானாகவே படிந்துவிடும். அப்போதும் மிச்சம் இருக்கும் மேடு பள்ளத்தைத்தான் தேய்க்க வேண்டும். பாலித்தீனே போடவில்லை என்று தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை. பலகையை எண் எழுதிக் கழற்றி, பாலித்தீனும் பிளைவுட்டும் போட்டுத் திரும்ப அடிப்பதுதான் வழி. இல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் அதே ஈரம் வரும்.

கோடையில் பலகைகளுக்கு நடுவே சந்து விழுகிறது. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடட்டுமா?
– வாசகி, ஆரணி

வேண்டாம். கோடையில் அரை நூல் சந்து விழுவதும் மழையில் மூடுவதும் முழு மரத்தரையின் இயல்பு. அடைத்துவிட்டால் மழையில் விரியும்போது அந்த அடைப்பு பிதுங்கி வெளியே வரும், வராவிட்டால் பலகையை நெருக்கும். கார்த்திகையிலும் அதே சந்து இருந்தால் மட்டுமே அது நிரந்தரச் சந்து; பச்சை மரத்தைப் போட்டதால் வந்தது. அதற்கு அதே மரத்தில் மெல்லிய சீவல் எடுத்து, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருகி இழைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் அடுத்த கோடையில் சீவலின் பக்கத்தில் புதுச் சந்து பிளக்கும்.

பாட்டன் காலத்து வீடு. சுவரடியில் ஒரு அடி உயரம் வரை உவர் பூத்திருக்கிறது. கரையானும் அடிக்கடி வரும். கீழ் அறையில் மரத்தரை போட ஆசை. மருந்து அடித்துவிட்டுப் போடலாமா?
– வாசகர், குடியாத்தம்

இந்த அறையில் முழு மரத்தரை வேண்டாம் என்றே சொல்வோம். சுவரில் உவர் ஏறுகிறது என்றால் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லை. தரைக்கு அடியிலும் அதே ஈரம்தான். பாலித்தீன் போட்டால் ஈரம் நேராக ஏறாது, ஆனால் பக்கவாட்டில் சுவருக்குள் தேங்கி உவர் இன்னும் மேலே ஏறும். ஈரமும் மரமும் ஒரே இடத்தில் இருந்தால் கரையானுக்கு வேறென்ன வேண்டும். சந்தேகமாக இருந்தால், இரண்டடிச் சதுர பாலித்தீன் துண்டை நாலு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் கோர்த்தாலோ தரை கறுத்தாலோ அதுவே பதில். மழைக்காலத்தில் பார்க்க வேண்டும். சித்திரையில் பார்த்தால் எந்தத் தரையும் தேறிவிடும். அந்த அறைக்கு செங்காவித் தரையே அழகு, அதைப் புதுப்பித்து மெழுகுங்கள். மரத்தரை ஆசையை மாடி அறையில் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

கரையானுக்கு எப்படியும் மருந்து வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு அடிக்கு ஒன்று, அரை அங்குலத் துளை போட்டு மண் வரை இறக்கி, துளைக்கு ஒரு லிட்டர் கரைசல் விட்டு அடைப்பதுதான் முறை. இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. உரிமம் உள்ளவரை வைத்தே செய்யுங்கள். வீட்டுக்குள் கிணறோ தொட்டியோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மண் குழாய் ஏறினால் கரையான். குண்டூசித் துளையும் மாவு மாதிரிப் பொடியும் இருந்தால் அது உளு வண்டு. வெள்ளைப் பகுதியில்தான் வரும். இரண்டும் வேறு, மருந்தும் வேறு. ரீப்பர் சட்டங்களுக்கு முன்கூட்டியே 10 லிட்டர் வெந்நீரில் 360 கிராம் போராக்ஸும் 240 கிராம் போரிக் ஆசிடும் கரைத்து இரண்டு கோட் அடித்துக் காய வைத்தால் வண்டு நெருங்காது.

எங்கள் நிலத்தில் வரப்போரம் வைத்த தேக்கு 20 வருஷம் ஆகிறது. வெட்டித் தரை போடலாமா?
– வாசகர், போளூர்

போடலாம். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பதில் ஏமாறக் கூடாது. சுற்றளவு 36 அங்குலம், நீளம் 10 அடி உள்ள கட்டையைப் பாருங்கள். சுற்றளவில் கால் பங்கு 9; 9-ஐ 9-ஆல் பெருக்கினால் 81; அதை 10 அடி நீளத்தோடு பெருக்கி 144-ஆல் வகுத்தால் 5.6 கன அடி. இது மரவாடிக் கணக்கு. இளந்தேக்கில் வெள்ளை அதிகம். அதை நீக்கி, காய்ந்து, கோணலைக் கழித்தால் பாதி கிடைத்தாலே நல்ல மரம். மேலே காட்பாடி வாசகருக்குச் சொன்ன அறைக்கு இப்படிப்பட்ட கட்டை ஏழெட்டு வேண்டியிருக்கும். வெட்டி வண்டியில் ஏற்றுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அறுத்த அன்றைக்கே பலகை முனைகளில் பெயிண்டோ மெழுகோ தடவுங்கள். நம் வெயிலில் முனை முந்திக் காய்ந்து ஒரு அடி வரை வெடித்துவிடும். நிழலில், தரைக்கு மேல் ஒரு அடி உயர்த்தி, இரண்டடிக்கு ஒரு குச்சி கொடுத்து, குச்சிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று நேராக நிற்கும்படி அடுக்கி, மேலே கல்லைப் பாரம் வையுங்கள். குச்சி தப்பினால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். ஒரு அங்குலப் பலகைக்கு ஒரு வருஷம் கொடுங்கள். அப்போது வயசு முக்கியமில்லை, மீட்டரில் 12-க்குள் வந்ததா என்பதுதான் முக்கியம்.

தேக்கைத் தவிர வேறு என்ன மரம் நல்லது?
– வாசகர், திருவண்ணாமலை

வேங்கை கெட்டி, நெடுநாள் நிற்கும். ஆனால் தண்ணீர் பட்டால் மஞ்சள் சாயம் விடும், அதனால் ஆறு பக்கமும் முன்கூட்டியே சீலர் அடியுங்கள். கருமருதும் கெட்டிதான், தேக்கைவிட அதிகம் நகரும். 2½ அங்குலத்துக்கு மேல் அகலம் வேண்டாம். வெளிநாட்டு ஓக் பார்க்க அழகு; தேக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நகரும் என்பதால் ஏ.சி. இல்லாத அறைக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். தேக்கு இவற்றைவிட மெது. கட்டில் கால், குழந்தை போடும் இரும்புச் சாமான் எல்லாம் தடம் பதிக்கும். இருந்தாலும் நகர்வு குறைவு என்ற ஒரே குணத்துக்காக நம் ஊருக்கு அதுவே முதலில் வருகிறது.

ஏலகிரியில் சின்ன வீடு. மாதத்துக்கு ஒரு தடவைதான் போவோம். கடையில் "மரத்தரை" என்று மூன்று விலையில் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, ஆம்பூர்

பலகையின் அறுத்த முனையைக் காட்டச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே மரம், ஒரே ரேகை என்றால் முழு மரம். மேலே 2 முதல் 6 மி.மீ. நல்ல மரமும் அடியில் குறுக்கும் நெடுக்குமாக பிளை அடுக்கும் தெரிந்தால் அடுக்குமரப் பலகை. காக்கி நிற அழுத்திய தூள் அட்டையின் மேல் மெல்லிய படம் ஒட்டியது போலிருந்தால் லேமினேட். அதில் மரம் தெரிவது அச்சிட்ட தாள்தான், தேய்த்துப் புதுப்பிக்க முடியாது.

மாதம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் மலை வீட்டில் பனியும் மழையும் உள்ளேயே தங்கும். குறுக்கடுக்கு இருப்பதால் நகர்வு குறைந்த அடுக்குமரப் பலகையே உங்களுக்குச் சரி. மேல் மரம் 4 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள்.

தரைக்கு என்ன பாலிஷ்? ஆசாரி மெலமைன் அடிக்கலாம் என்கிறார்.
– வாசகர், வேலூர்

மெலமைன் கதவுக்கும் அலமாரிக்கும் சரி, கால் படும் தரையில் சீக்கிரம் கீறி உரியும். தரைக்கென்றே வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடியுங்கள். தேய்ப்புத்தாள் 40, 60, 80, 100 என்று வரிசையாகப் போக வேண்டும். 40-லிருந்து நேராக 100-க்குத் தாவினால் பாலிஷ் அடித்த பிறகு கோடு கோடாகத் தெரியும், அப்போது அழுது பயனில்லை. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அது பாலிஷைக் காய விடாது. முதல் கோட்டுக்கு முன் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அரை மணி நேரத்தில் அடிக்கத் தொடங்குங்கள். மூன்று கோட், நடுநடுவே 220 தாளால் லேசாக. மழை பெய்யும் நாளில் அடிக்காதீர்கள். வெள்ளை பூக்கும், சில வகைகளில் குமிழ் எழும். ஒரு நாள் கழித்து வெறுங்காலோடு நடக்கலாம். கட்டில், பீரோ ஒரு வாரம் கழித்து. பாய், கம்பளம் மூன்று வாரம் கழித்து.

வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவிக் கோலம் போடுவோம். மரத்தரையில் என்ன செய்வது?
– வாசகி, திருப்பத்தூர்

கழுவக் கூடாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. பினாயில், சோப்பு, ஆவி மாப் எதுவும் வேண்டாம். உலர்ந்த அரிசிமாவில் கோலம் போட்டு, மாலையில் மென்மையான துடைப்பத்தால் கூட்டிவிட்டால் தரைக்கு எதுவும் ஆகாது. மாவைக் கரைத்துப் போடும் மாக்கோலமும் காவியும் பூஜையறைக் கல் தரையிலும் வாசலிலும் இருக்கட்டும். பூஜையறை, சமையலறை, குளியலறை வாசல் மூன்றுக்கும் மரத்தரை போடாமல் விடுவது நல்லது. தண்ணீரைவிடத் தரையைத் தினமும் தின்பது மணல். வாசலில் செருப்பைக் கழற்றும் நம் வழக்கம் பெரிய காவல், அதோடு ஒரு தேங்காய்நார் மிதியடியும் போடுங்கள். ரப்பர் அடி வைத்த மிதியடியை மரத்தின் மேல் போட்டால் நிறம் மாறி அதே வடிவில் கறை விழும்.

ஒரு தரையை எத்தனை தடவை தேய்த்துப் புதுப்பிக்கலாம்?
– வாசகர், ஆற்காடு

முக்கால் அங்குலப் பலகையில் நாக்குக்கு மேல் இரண்டு நூல், அதாவது 6 மி.மீ. மரம் இருக்கும். ஒரு தடவை தேய்ப்புக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் போகும். நான்கைந்து தடவை தாராளமாகத் தேய்க்கலாம். ஆணித்தலை தெரியத் தொடங்கினால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.